கொடியை எப்போது அறுப்பது?

போன இதழில் தலைப்பிரசவம் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி தொப்புள்கொடியைப் பற்றியே இருந்ததால் இந்த முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டவர்களின் பேர் வேண்டாம், ஊர் மட்டும் போதும்.

என் மகளுக்கு எட்டாம் மாதம். வளைகாப்பு முடித்து இங்கே அழைத்து வந்துவிட்டோம். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை பார்க்கிறார். ‘லோட்டஸ் பர்த்’ என்று ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, குழந்தை பிறந்ததும் கொடியை அறுக்கவே கூடாது, நஞ்சோடு (பிளசென்டாவோடு) அப்படியே வைத்திருந்து தானாக விழ விடவேண்டும் என்கிறார். மகளும் சரி என்கிறாள். ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொள்ளாவிட்டால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. இது சரிதானா டாக்டர்?
*வாசகி, திருத்துறைப்பூண்டி*

அம்மா, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். வீட்டுப் பிரசவமும் வேண்டாம், கொடியை நாள்கணக்கில் அறுக்காமல் வைப்பதும் வேண்டாம். ஆனால் வெறும் ‘வேண்டாம்’ என்று போய் நின்றால் மாப்பிள்ளையோடு மனஸ்தாபம்தான் மிஞ்சும், ஏனென்றால் அவர் சொல்வதில் ஒரு பங்கு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் மற்றதை அவர் கைவிடுவார். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

வயிற்றில் இருக்கிறவரை குழந்தைக்கு மூச்சும் சாப்பாடும் கொடி வழியாகத்தான். ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி நீளம் இருக்கும். உள்ளே மூன்று ரத்தக் குழாய்கள். ஒன்று நஞ்சிலிருந்து குழந்தைக்கு நல்ல ரத்தம் கொண்டுவரும், மற்ற இரண்டும் குழந்தையிடமிருந்து திருப்பி எடுத்துப்போகும். குழந்தை வெளியே வந்து வீறிட்டு அழுகிற அந்த நொடியில், குழந்தைக்குச் சொந்தமான ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்னும் நஞ்சுப் பக்கம்தான் நிற்கிறது. கொடியை விரலால் பிடித்துப் பார்த்தால் நாடி துடிப்பது தெரியும். விட்டுவைத்தால் முதல் ஒரு நிமிடத்தில் சுமார் 80 மில்லி, மூன்று நிமிடத்துக்குள் சுமார் 100 மில்லி ரத்தம் குழந்தைக்குள் போய்ச் சேரும். மூன்று கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே கால் லிட்டர் ரத்தம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பங்கு என்று புரியும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று உங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் எட்டிப் பார்த்ததுமே ஷட்டரை இறக்கிவிட்டால் கடைசி வயல்காரனுக்கு வயிறு எரியுமா இல்லையா? குழந்தை பிறந்த உடனே கொடியில் கிளிப் போடுவது அதைப் போலத்தான். இதைத்தான் மாப்பிள்ளை எங்கேயோ படித்திருக்கிறார், அது உண்மை. உலக சுகாதார நிறுவனமும் ஒரு நிமிடத்துக்கு முன்னால் கொடியைக் கட்டாதீர்கள், ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுங்கள் என்றுதான் சொல்கிறது.

ஆனால் வயலில் தண்ணீர் ஏறி, ஆறும் வற்றிய பிறகு மதகைத் திறந்தே வைத்திருந்து என்ன வரப்போகிறது? சில நிமிடங்களில் கொடிக்குள் இருக்கும் குழாய்கள் தாமாகவே சுருங்கிவிடும், துடிப்பு நின்றுவிடும், கொடி வெளுத்துத் துவண்டுபோகும். அதற்கு மேல் ஒரு சொட்டு ரத்தமோ சத்தோ அந்த வழியாக வராது. அப்புறம் நஞ்சு என்பது உயிர் போன சதை. அரைக் கிலோ எடை, உள்ளே முழுக்க ரத்தம். கிருமி வளர அதைவிட வசதியான இடம் கிடையாது.

இந்த ‘லோட்டஸ் பர்த்’ எப்படி வந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தாமரைப் பூவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1974-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிளேர் லோட்டஸ் டே என்ற பெண்மணி தன் குழந்தையின் கொடியை அறுக்காமல் விட்டார், அவர் பேரில்தான் இந்த முறைக்குப் பெயர். சிம்பன்ஸி தன் குட்டியின் கொடியை அறுக்காததை வைத்து அவருக்கு அந்த எண்ணம் வந்ததாகச் சொல்வார்கள். நஞ்சைக் கழுவித் துடைத்து, உப்பும் வாசனை இலைகளும் தூவி, துணியில் சுற்றி, குழந்தைக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். கொடி காய்ந்து விழ மூன்று நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம். அதுவரை குழந்தையைத் தூக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் அந்த மூட்டையும் கூடவே வரும்.

நம் ஊர்ச் சீதோஷ்ணத்தை நினைத்துப் பாருங்கள். நாகப்பட்டினத்தில் கருவாடு போடுகிறவர்கள்கூட மீனைக் கீறி, குடல் எடுத்து, உப்புத் தடவி, சுடுமணலில் வெயிலில் விரித்துத்தான் காயவைக்கிறார்கள், மழை தூறினால் பதறி ஓடி வாருகிறார்கள். ரத்தம் நிறைந்த அரைக் கிலோ சதையை ஐப்பசி ஈரத்தில், மூடிய அறைக்குள், பச்சைக் குழந்தையின் தொப்புளோடு கட்டி வைப்பது என்றால் என்ன ஆகும்? பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பான ராயல் காலேஜ் 2008-லேயே இதை எச்சரித்திருக்கிறது, அப்படி வைத்தால் நஞ்சில் தொற்று உண்டாகும், அது குழந்தைக்கும் பரவலாம் என்று. அப்படி வைத்திருந்த குழந்தைகளுக்குத் தொப்புளில் சீழ் பிடித்ததும், இருதய வால்வுவரை கிருமி போனதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கம் வைக்க என்ன நன்மை இருக்கிறது என்று தேடினால், மூன்று நிமிடத்துக்குப் பிறகு காத்திருந்ததால் குழந்தைக்கு இது கிடைத்தது என்று காட்ட ஒன்றும் இல்லை.

வீட்டுப் பிரசவம் இதைவிட ஆயிரம் மடங்கு பயமுறுத்துகிற விஷயம். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது. குழந்தை பிறந்து நஞ்சு கழன்றதும் கர்ப்பப்பை கல்லாக இறுக வேண்டும். இறுகாவிட்டால் அந்த வேகத்தில் ரத்தம் வெளியே கொட்டும், 108 வண்டி உங்கள் தெருமுனைக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 2018-ல் திருப்பூரில் ஒரு இளம்பெண் வீட்டில் பிரசவம் பார்க்கப்போய் ரத்தப்போக்கில் இறந்தது ஊரறிந்த செய்தி. அவர்களும் யூடியூப் வீடியோவை நம்பியவர்கள்தான். அதிலும் இப்போது எட்டாம் மாதம் என்கிறீர்கள், பிரசவம் அடைமழையில் வரும், வாய்க்கால் உடைந்து ரோட்டின் மேல் தண்ணீர் போகிற காலம். தேதி நெருங்கும்போதே மகளை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கவைக்கப் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். மகள் எதற்காக வீட்டிலேயே என்கிறாள்? என் அனுபவத்தில், படித்த பெண்கள் இப்படிப் பேசும்போது உள்ளே இருப்பது பெரும்பாலும் பயம். தெரியாத முகங்களுக்கு நடுவே தனியாகப் படுத்திருக்க வேண்டுமே, யாராவது திட்டுவார்களே என்ற பயம். அந்த பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், பிரசவ அறையில் பெண்களிடம் எரிந்து விழுவதை நானே எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டதால், திருச்சி மலைக்கோட்டை சாமியே தாயாக வந்து பிரசவம் பார்த்தார் என்று தாயுமானவர் கதை சொல்கிறோமே, பிள்ளைத்தாய்ச்சிக்குப் பக்கத்தில் தன் மனுஷி ஒருத்தி இருக்கவேண்டும் என்பது அவ்வளவு பழைய ஏக்கம். அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் இருக்க இப்போது இடம் உண்டு. நான்தான் கூட இருப்பேன் என்று நீங்கள் இப்போதே மகளிடம் சொல்லுங்கள், போய்ச் சேரும் இடத்திலும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையிடம், ‘கொடியை அவசரப்பட்டு வெட்டாமல் மூன்று நிமிடம் பொறுக்கச் சொல்லி நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம்’ என்று சொல்லுங்கள். பாதிக்கு மேல் இறங்கி வருவார்.

நம் முன்னோர்கள் கொடியை அறுக்காமல் இயற்கையாக விட்டவர்கள்தானே? ஆங்கில மருத்துவம் வந்துதான் இந்த அவசரம் எல்லாம் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார்.
*வாசகர், கும்பகோணம்*

அவசரம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது என்பது சரி. போன நூற்றாண்டில், தாய்க்கு ரத்தப்போக்கைக் குறைக்க வேண்டும் என்று ஊசி போடுவது, நஞ்சைச் சீக்கிரம் எடுப்பது, கொடியை உடனே கட்டுவது மூன்றையும் ஒரே கட்டாகச் செய்தார்கள். பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தபோது, தாயைக் காப்பாற்றுவது கர்ப்பப்பையை இறுகவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசிதான், கொடியை உடனே கட்டுவதால் தாய்க்கு ஒரு நன்மையும் இல்லை, குழந்தைக்கு நஷ்டம் என்று தெரிந்தது. மேல்நாட்டிலேயே 1801-ல் எராஸ்மஸ் டார்வின் என்ற மருத்துவர், பரிணாமம் சொன்ன டார்வினின் தாத்தா, துடிப்பு நிற்கும்வரை கொடியைக் கட்டாதீர்கள், குழந்தை பலவீனப்படும் என்று எழுதிவைத்திருக்கிறார். கேட்கத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

ஆனால் நம் முன்னோர்கள் அறுக்கவில்லை என்பது தவறு. ‘என் தொப்புள்கொடி புதைத்த மண்’ என்று சொந்த ஊரைச் சொல்கிறோமே, அறுத்தால்தானே புதைக்க முடியும்? நான் பழகிய பழைய மருத்துவச்சிகள் பலர் நஞ்சு விழும்வரை காத்திருந்துவிட்டு, அதன் பிறகு நூலால் இறுக்கிக் கட்டி அறுப்பார்கள். அந்தக் காத்திருப்பு நல்ல வழக்கம், அறுத்த கருவிதான் பல இடங்களில் கெட்டதாக இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இயற்கை என்கிறீர்களே, வீட்டில் பசு கன்று போட்டதைப் பார்த்திருப்பீர்கள். கன்று விழுகிற வேகத்திலேயே, அல்லது பசு எழுந்து நிற்கிறபோதே கொடி அறுந்துவிடும். இளங்கொடி விழ இன்னும் சில மணி நேரம் ஆகும், அதைப் பசு தின்றுவிடாமல் ஒரு ஆள் காவல் இருப்பார், விழுந்ததும் வைக்கோலில் சுற்றி எடுத்துப்போய்ப் பால் வடிகிற ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். பால் பெருகும் என்ற நம்பிக்கை ஒருபக்கம் இருக்கட்டும், அதைத் தொழுவத்தை விட்டு அப்புறப்படுத்திவிட வேண்டும் என்பது நம் ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. கன்றோடு சேர்த்து யாரும் அதைப் படுக்கவைக்கவில்லை. மனுஷிக்கு விழுவதை நாம் நஞ்சு என்றே கூப்பிடுகிறோம்.

இரண்டாவது பிரசவத்துக்குக் காத்திருக்கிறேன். மூத்தவன் பிறந்த நொடியே கத்தரித்துவிட்டார்கள். ஒரு வயதில் ரத்தசோகை என்று சொன்னார்கள். அதனால்தான் வந்ததா? இந்த முறை எப்படிக் கேட்பது, கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?
*வாசகி, பாபநாசம்*

அதனால்தான் வந்தது என்று ஒற்றைக் காரணத்தில் போட முடியாதம்மா, நீங்களும் அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமக்க வேண்டாம். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கர்ப்பத்தில் தாய்க்கு இரும்புச் சத்து குறைந்திருப்பது, ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சித் தண்ணீரிலேயே ஓட்டுவது, குடல்புழு என்று எல்லாம் சேர்ந்துதான். ஆனால் அந்த மூன்று நிமிட ரத்தம் ஒரு சேமிப்பு, அதில் வரும் இரும்பு பல மாதங்களுக்குக் கைகொடுக்கும். ஒரு காசு செலவில்லாமல் கிடைப்பதை ஏன் விடவேண்டும்?

கேட்பது சுலபம், கேட்கிற நேரம்தான் முக்கியம். வலி எடுத்துப் படுத்த பிறகு உங்களால் பேச முடியாது. ஒன்பதாம் மாதச் செக்கப்பில், ‘குழந்தை நல்லா அழுதா கொடியை உடனே கட்டாம ரெண்டு மூணு நிமிஷம் பொறுக்க முடியுமா டாக்டர்?’ என்று கேளுங்கள், சரி என்றால் கர்ப்பிணி அட்டையில் ஒரு வரி எழுதித்தரச் சொல்லுங்கள். துணைக்கு வருபவரிடமும் சொல்லிவையுங்கள். இது இன்றைய முறைப்படியான மருத்துவம்தான், நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை, அதனால் தயங்க வேண்டாம். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், கேட்டது பதிவில் இருக்கும்.

காத்திருக்கும்போது குழந்தையைக் கீழே பிடித்திருக்க வேண்டுமே, சிரமமாயிற்றே என்று சிலர் தட்டிக்கழிப்பார்கள். அர்ஜென்டினாவில் நடந்து 2014-ல் வெளியான ஆய்வில், குழந்தையைத் தாயின் வயிற்றின் மேல் போட்டிருந்தாலும் ரத்தம் அதே அளவுதான் போகிறது என்று காட்டிவிட்டார்கள். ஆகவே குழந்தை உங்கள் மேலேயே படுத்திருக்கலாம், துடைத்துப் போர்த்தினால் போதும். தாய்க்குப் போடும் ஊசியையும் அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்திருக்க வேண்டும், ரத்தம் கூடுதலாகப் போவதால் சில குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை கொஞ்சம் கூடி, நீல விளக்கில் வைக்கும்படி ஆகலாம். அதனால் பிறந்த முதல் வாரத்தில் குழந்தையின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

குழந்தை மூச்சுவிடத் திணறினால், உங்களுக்கு ரத்தம் அதிகமாகப் போனால், நஞ்சு முன்பே கழன்றுவிட்டால், அப்போது டாக்டர் உடனே வெட்டத்தான் செய்வார். அந்த நேரத்தில் ‘மூன்று நிமிடம் என்றீர்களே’ என்று யாரும் வாதாடக் கூடாது. உயிர்தான் முதலில்.

அப்புறம் மூத்தவனுக்கு இரும்பு சிரப் கொடுக்கிறீர்களா? ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி, கிராம சுகாதார நர்ஸிடம் இலவசமாகவே கிடைக்கும்.

சிசேரியன் என்றால் காத்திருக்க முடியாதா? குறைமாதக் குழந்தைக்கு?
*வாசகி, மன்னார்குடி*

இரண்டிலும் முடியும். குறைமாதக் குழந்தைக்குத்தான் இது இன்னும் அதிகமாக உதவுகிறது, உயிர் பிழைப்பதே கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாடி, மூச்சு இரண்டும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு நிமிடமாவது பொறுப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

என் தங்கைக்குக் கொடி கழுத்தில் மாலையாகச் சுற்றிக் குழந்தை பிறந்திருக்கிறது. மாமனுக்கு ஆகாது என்று என் மனைவி வீட்டில் பயப்படுகிறார்கள். நான் இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை.
*வாசகர், மயிலாடுதுறை*

எத்தனை நாளாகப் பார்க்கவில்லை தம்பி? இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

நாலைந்து பிரசவத்தில் ஒன்றில் கொடி கழுத்தைச் சுற்றித்தான் வருகிறது. குழந்தை உள்ளே நீந்துகிறது, புரள்கிறது, கொடியும் நீளமாக இருக்கிறது, சுற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். கொடிக்குள் இருக்கும் குழகுழப்பான பசை போன்ற பொருள் குழாய்கள் நசுங்காமல் காக்கிறது, அதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, தலை வெளியே வந்ததும் விரலால் தூக்கிக் கழற்றிவிடுவோம். நாலில் ஒரு மாமனுக்கு ஆபத்து என்றால் டெல்டாவில் தாய்மாமனே மிஞ்சியிருக்க முடியாது. தட்டில் எண்ணெய் ஊற்றி அதில் முகம் பார்த்த பிறகுதான் நேரே பார்க்கவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால், அவர்கள் மனசுக்காக அதைச் செய்துவிட்டுப் போங்கள், யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் பிரசவம் முடிந்து படுத்திருக்கிற தங்கையின் மனசில், தன் குழந்தையால் அண்ணனுக்கு ஆகாது என்ற நினைப்பு விழுந்தால் அது ஆறாது. பார்க்கப் போகும்போது முதலில் குழந்தையைக் கையில் வாங்குங்கள்.

பேரனுக்குத் தொப்புள் இன்னும் விழவில்லை, ஆறு நாள் ஆகிறது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் வைக்கலாமா? எங்கள் காலத்தில் சாம்பல் வைப்போம். மருமகள் ஒன்றும் வைக்கக் கூடாது என்று சண்டை பிடிக்கிறாள்.
*வாசகி, வலங்கைமான்*

மருமகள் சொல்வதுதான் சரி. சண்டை பிடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள், காவல் நிற்கிறாள்.

எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது ஒன்று இன்றுவரை மனசை விட்டுப் போகவில்லை. பிறந்து ஏழாம் நாள் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார்கள். முந்தின நாள்வரை நன்றாகப் பால் குடித்த பிள்ளை, இப்போது வாயைத் திறக்க முடியவில்லை. தொட்டால், விளக்குப் போட்டால், கதவு சாத்தினால்கூட உடம்பு வில்லாக வளைந்தது. வீட்டில் பிரசவம், கொடியை அறுத்தது கதிர் அறுக்கிற கருக்கரிவாள், மேலே வைத்தது மாட்டுச்சாணச் சாம்பல். ரணஜன்னி, அதாவது டெட்டனஸ். அந்தத் தாய் மார்பில் பால் கட்டிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், நான் உள்ளே குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் நின்றேன். இரண்டாம் நாள் போய்விட்டது. அந்தப் பாட்டி குழந்தைக்குக் கெடுதல் நினைத்தவளா? இல்லை, அவள் தன் மாமியாரிடம் கற்றுக்கொண்டதைச் செய்தாள். டெட்டனஸ் கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்கில் சாகாமல் கிடக்கும், பச்சைத் தொப்புள் அதற்குத் திறந்த வாசல். கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், சுத்தமான பிளேடு என்று வந்ததால் 2015-ல் இந்தியாவில் பிறந்த குழந்தை டெட்டனஸ் ஒழிக்கப்பட்ட நிலைக்கு வந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அது எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்த பெரிய மாற்றம். அதனால்தான் சாம்பல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பதறுகிறது.

ஒன்றும் வைக்காதீர்கள். மஞ்சள், எண்ணெய், பவுடர், வசம்பு எதுவும் வேண்டாம். காற்றுப் படட்டும். துணியையோ டயப்பரையோ தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள், மூத்திரம் படாமல் இருக்கும். விழும்வரை ஈரத்துணியால் துடைத்தால் போதும், காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஆறு நாள் என்பது தாமதமே இல்லை, ஐந்திலிருந்து பதினைந்து நாளுக்குள் விழும், இழுத்துப் பார்க்காதீர்கள். விழும்போது ஒன்றிரண்டு சொட்டு ரத்தம் வருவது சகஜம். தொப்புளைச் சுற்றித் தோல் சிவந்து பரவினாலோ, சீழ் வடிந்தாலோ, நாற்றம் அடித்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உடம்பு சுட்டாலோ ஜில்லிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மூன்று வாரம் ஆகியும் விழவில்லை என்றாலும் காட்டவேண்டும்.

கணவரே கொடியை வெட்டலாமா? வெளிநாட்டில் எல்லாம் செய்கிறார்களே.
*வாசகி, தஞ்சாவூர்*

இங்கே கூடாது. சென்னையில் ஒரு யூடியூபர் ஆபரேஷன் தியேட்டருக்குள் தன் குழந்தையின் கொடியைத் தானே வெட்டி, 2024 அக்டோபரில் அதை வீடியோவாகப் போட்டு, சுகாதாரத்துறை நடவடிக்கைவரை போனது உங்களுக்கு நினைவிருக்கும். கணவருக்கு ஆசை இருந்தால், குழந்தை பிறந்த பிறகு உங்கள் மார்பில் போட்டிருக்கும்போது தலையைத் தடவிக் கொடுக்கட்டும், அடுத்த ஆறு மாதம் ராத்திரியில் துணி மாற்றட்டும்.

தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்தால் பிள்ளைக்குப் பிற்காலத்தில் எந்த நோய் வந்தாலும் உதவும் என்று செக்கப்புக்குப் போன இடத்தில் ஒரு கம்பெனி ஆள் நோட்டீஸ் கொடுத்தார். தவணை முறையும் உண்டாம். கட்டாவிட்டால் பிள்ளைக்குத் துரோகம் செய்கிறோமோ என்று இருக்கிறது.
*வாசகர், திருவாரூர்*

துரோகம் என்ற நினைப்பைத்தான் அவர்கள் விற்கிறார்கள், அதை முதலில் தூக்கிப்போடுங்கள். கொடி ரத்தத்தில் இருக்கும், புது ரத்த அணுக்களை உண்டாக்குகிற ஸ்டெம் செல்களால் சில ரத்த நோய்களுக்குச் சிகிச்சை செய்ய முடியும் என்பது உண்மை. ஆனால் தன் பிள்ளையின் ரத்தமே அந்தப் பிள்ளைக்குப் பயன்படுகிற வாய்ப்பு மிகமிகக் குறைவு. பிறவியிலேயே வரும் நோய் என்றால் அதே குறை சேமித்த ரத்தத்திலும் இருக்கும், அதை மறுபடி ஏற்றி என்ன பயன்? இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல் தெளிவாகச் சொன்னது, எதிர்கால இன்ஷூரன்ஸ் போலத் தனியார் வங்கியில் சேமிப்பதைப் பரிந்துரைக்க முடியாது என்று. மூத்த குழந்தைக்குத் தலசீமியா மாதிரி பரம்பரை ரத்த நோய் ஏற்கெனவே இருந்தால் விஷயம் வேறு, அப்போது ரத்தநோய் நிபுணரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

எனக்கு இதில் பெரிய வருத்தம் எதுவென்றால், சேமிக்கிற பை நிறைய ரத்தம் வேண்டும் என்றால் கொடியைச் சீக்கிரம் கட்டவேண்டும். குழந்தைக்கு அந்த நிமிடத்தில் போய்ச் சேரவேண்டிய ரத்தத்தை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, பிறகு இரும்புச் சத்து குறைவு என்று சிரப் கொடுப்போமா? கடன் வாங்கித் தவணை கட்டாதீர்கள் தம்பி. அந்தப் பணத்தில் மனைவிக்கு முட்டையும் கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கிக் கொடுங்கள்.

மகளுக்குப் பிரசவம் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டோம். நேற்று தொப்புள் விழுந்தது. நஞ்சை ஆஸ்பத்திரியில் கேட்டோம், தரவில்லை. விழுந்த கொடியைத் தாயத்தில் அடைத்து இடுப்பில் கட்டலாமா, இல்லை இதையும் தூக்கிப்போட வேண்டுமா?
*வாசகி, வேதாரண்யம்*

நஞ்சைத் தரமாட்டார்கள், 2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி அதை மஞ்சள் பையில் போட்டு முறையாக அழிக்கவேண்டும். விழுந்த துண்டு உங்களுடையது. நன்றாகச் சருகாகக் காய்ந்த பிறகு வெள்ளித் தாயத்தில் அடைத்துக்கொள்ளுங்கள், என் அம்மா எனக்குக் கட்டியதை நானும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இரண்டு விஷயம் மட்டும். தாயத்தின் மூடியை ஆசாரியிடம் கொடுத்துக் கழலாதபடி பற்றவைத்துவிடுங்கள், பிள்ளை வாயில் போட்டுவிடும். கயிற்றை இடுப்பில் கட்டுங்கள், கழுத்தில் வேண்டாம், பிள்ளை வளர வளரக் கயிறு இறுகுகிறதா என்று மாதம் ஒருமுறை விரல் விட்டுப் பாருங்கள்.